எண்பதாயிரம் கிலோமீட்டர் உரைத்த படலம்

வாழி! இருபத்தாறு ஆண்டுகள் ஒரு கோடும் விழாத வெண்ணிற ஊர்தியின் தலைவர், குழியறிந்து வளைப்பவர், முச்சந்திதோறும் வாகை சூடியவர், வாடகைக் கார் ஓட்டுநர் குலத்தார் 'கீறல்படாதார்' எனப் போற்றும் எங்கள் அண்ணல் வாழி!

"காப்பீட்டுக் கட்டணத்தை இனி அரசு நிர்ணயிக்காது, கம்பெனிகளே நிர்ணயிக்கும், போட்டி பெருகும், நல்ல ஓட்டுநர் நலம் பெறுவர்!" என்று அரியணையோர் முரசறைந்த அன்றே, நல்ல ஓட்டுநர் தம்மையன்றி வேறு யார் என அண்ணலின் தோள்கள் பூரித்தன. குடித்துவிட்டுத் தூணில் மோதியவனுக்கும் தமக்கும் ஒரே கட்டணம் என்ற கொடுமை ஒழிந்தது என்று மனைவியிடம் மார்தட்டினார். பாவம், நம்பிவிட்டார்.

பழைய பாலிசி தீரும் நாளும் வந்தது; மாலை ஐந்து மணிக்கு அது உயிர்விடும். அதன்பின் வண்டியைத் தெருவில் இறக்கினால் அபராதம், இறக்காவிட்டால் அடுப்பில் உலையில்லை. ஆதலால் பிரீமியப் பணத்தையும், வற்றிய டேங்குக்கான பெட்ரோல் காசையும் சட்டைப்பையில் ஏந்தி, டோக்கன் நாற்பத்தேழை வேலெனத் தாங்கி, பிளாஸ்டிக் நாற்காலிகளில் நொந்து சாய்ந்த ஓட்டுநர் சேனையைக் கடந்து, காப்பீட்டு அலுவலகக் கண்ணாடித் தடுப்பின்முன் அரிமாவென நின்றார்.

"வருஷத்துக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவீங்கண்ணே?" என்றாள் கணினிமுன் வீற்றிருந்த பெண்.

உண்மையில் அறுபதாயிரம்தான். ஆயினும் புகழ் சாற்றும் வேளையில் கஞ்சத்தனமா?

"எண்பதாயிரம் கிலோமீட்டர்! ஒரு கீறல் கிடையாது! எழுதிக்கோம்மா!"

மண்டபம் அதிர்ந்தது. கணினியும் அதிர்ந்து, தொகையை ஒன்றரை மடங்காக்கியது.

"எவ்வளவு ஓட்டுறீங்களோ அவ்வளவு ஆபத்துண்ணே. புதுக் கணக்கு."

"அப்போ அறுபதுன்னு போட்டுக்கோம்மா."

"ஏத்தியாச்சுண்ணே. இனிமே மாத்த முடியாது."

பொங்கினார் அண்ணல்! போட்டி என்னும் பெருந்தெய்வத்தைத் துணைக்கழைத்து, மாடிப்படி மும்மூன்றாய்த் தாவி, எதிர்க் கம்பெனிகளின் கோட்டைகளை முற்றுகையிட்டார். அங்கெல்லாம் அறுபதாயிரம் என்று அடக்கமாகவே சொன்னார். முதற்கோட்டையோ வண்டி கிழடு என்று விலையை ஏற்றியது. அடுத்த கோட்டை, அவர் குடியிருக்கும் தெருவில் யார் யாரோ மோதிக்கொண்டதற்கு அவரிடம் கப்பம் கேட்டது. கட்டணங்கள் பெற்ற விடுதலைதான் என்னே! ஏறுவதற்கு மட்டுமே கால் முளைத்திருந்தது. எல்லாவற்றிலும் குறைந்தது முதலில் கேட்ட ஒன்றரை மடங்கே என்றறிந்து, ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில், வீரத்திருமகன் பழைய கண்ணாடியின்முன் மீண்டு, சட்டைப்பையைக் கவிழ்த்துக் காட்டி, முத்திரை பதித்த தாளை வெற்றிக்கொடியென உயர்த்தி வெளியே வந்தார்.

பெட்ரோல் போடக் காசில்லாததால் காரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே போனார்.