கூரை மடக்குகிற கார் வாங்கிய விவரம்

ராஜபாளையம்,
12.7.1989, புதன்கிழமை காலை.

மரியாதைக்குரிய மச்சான் தனுஷ்கோடி அவர்களுக்கு, சோலைராஜ் கைகூப்பி எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற யாவும் சௌக்கியம். மதுரையில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் முழங்கால்கள் உட்பட சௌக்கியமாக இருக்க ஆண்டாளை வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் கார்டு கிடைத்தது. "மாப்பிள்ளை, கார் வாங்கி ஊரே சிரிக்குதாமே?" என்று ஒரே வரி எழுதியிருந்தீர்கள். சிரிக்கிறவர்கள் முழு விவரம் தெரியாமல் சிரிக்கிறார்கள் மச்சான். தெரிந்தால் இன்னும் நன்றாகச் சிரிப்பார்கள். அடுத்தவர் வாயிலிருந்து தாங்கள் அரையும் குறையுமாகக் கேட்பதற்கு, நானே ஆதியோடு அந்தமாக எழுதிவிடுகிறேன்.

தங்கள் தங்கை சண்முகத்தாய் இந்த ஜூன் மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை ஆனது தாங்கள் அறிந்ததே. அவளுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது என்பதும் அறிந்ததே. முன்பாவது வாரத்தில் ஒரு நாள் இரண்டு நாள் லீவு போட்டுச் சமாளித்தாள். தலைமையாசிரியை லீவு போட்டால் பள்ளிக்கூடமே லீவு போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. பஸ் சத்திரப்பட்டி விலக்கைத் தாண்டுவதற்குள் முகம் வெளுத்து, ஜன்னலோரத்தில் இருப்பவரை எழுப்பிவிட்டு, பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது பிரேயர் மணிக்குப் பதில் சோடாவைத் தேடுகிற நிலைமை. அங்கேயே வீடு பிடிக்கலாம் என்றால், சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு வாடகைக்குப் போக அவளுக்கு மனசில்லை. "பேசாம வேலையை விட்டுட்டு வீட்டுல இருக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்று தாங்கள் வைகாசிக் கடைசியில் வந்தபோது சொன்னீர்கள். அவளும் அதைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் சொல்றதுதான் சரி, எழுதிக் குடுத்துருதேன்" என்று ஆரம்பித்துவிட்டாள். ஆனால் அப்படிச் சொன்ன அன்று அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளே தவிர, ஒரு வாய் சாப்பிடவில்லை. அது அவள் இத்தனை வருஷம் ஆசைப்பட்டுக் காத்திருந்த நாற்காலி. அதை ஒரு பஸ்ஸுக்காக அவள் விடுவதை என்னால் தாங்க முடியாது மச்சான். இதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் கார் வாங்கினேன்.

கார் என்றால் எந்தக் கார்? இங்கேதான் என் மூளை வேலை செய்தது. பங்குனித் திருவிழாவுக்கு டிராக்டர் டிரெய்லரில் போனபோது சண்முகத்தாய்க்கு ஒன்றும் செய்யவில்லை, பாட்டுக்கூடப் பாடினாள். ஆக, குமட்டலுக்குக் காரணம் வண்டி அல்ல, வண்டியின் கூரை என்று கண்டுபிடித்தேன். என் முழங்கால் டாக்டரோ, "கிளட்ச்சை மறந்துருங்க" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனவே கார் புரோக்கர் கருத்தப்பாண்டியைக் கூப்பிட்டு, மேலே கூரை இருக்கக் கூடாது, கீழே கிளட்ச் இருக்கக் கூடாது, தினமும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வர வேண்டும் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க காரு கேக்கீகளா, கட்டில் கேக்கீகளா?" என்றான். அம்பாசிடர் காட்டினான், கிளட்ச் இருந்தது. ஜீப் காட்டினான், கூரை இல்லை, ஆனால் கிளட்ச் இருந்தது. கடைசியில் ஒரு நாள் மூச்சிரைக்க ஓடிவந்து, "கிடைச்சிருச்சு அண்ணாச்சி, தேவதானத்துல ஒரு தென்னந்தோப்புல நிக்கி. வெளிநாட்டுக் காரு. கூரையை மடக்கிப் பின்னால வச்சுக்கிடலாம். கியர் அதுவாவே மாறிக்கிடும், ஆட்டோமேட்டிக்கு" என்றான்.

போய்ப் பார்த்தால், பால்கோவா நிறத்தில், நம் தெருவின் அகலத்தைக் கேட்டுக்கொண்டு வந்து நிற்கிற மாதிரி ஒரு கார். பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. தோப்புக்காரர் கோழியை இறக்கிவிட்டு, "எங்க அப்பா அந்தக் காலத்துல ஆசைப்பட்டு எறக்குனது. இப்ப ஓட்ட ஆளில்ல" என்றார். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் நாலைந்து எழுத்து இருந்தது. கருத்தப்பாண்டி விளக்கினான்: "'பி'ன்னா பூட்டுனது, 'ஆர்'னா ரிவர்ஸு, 'என்'னுன்னா நிம்மதி, 'டி'ன்னா தேவதானம். எங்க போனாலும் தேவதானத்துல போட்டு ஓட்டுங்க." பழைய கார் எடுக்கிறவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள், டயரைத் தட்டுவார்கள், அடியில் ஆயில் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். நான் சண்முகத்தாயை உள்ளே உட்காரவைத்து, "குமட்டுதா?" என்று கேட்டேன். வண்டி நின்றுகொண்டிருந்தது. "இல்ல" என்றாள். எடுத்துவிட்டேன்.

முதலில் கோயிலுக்குக் கொண்டுபோய் பூஜை போட்டோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, சூடம் காட்டினார்கள். சூடத்தைக் கண்டதும் நான் உட்கார்ந்தபடியே பயபக்தியாக இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன், மரியாதைக்குக் காலையும் பிரேக்கிலிருந்து எடுத்தேன். மில்லில் வேலை பார்த்தபோது மில் காரை ஓட்டிப் பழகியவன் நான். காலை எடுத்தால் வண்டி நிற்கும் அல்லது ஆஃப் ஆகும் என்றுதான் தெரியும். இந்தக் கார் காலை எடுத்தால்தான் நகரும் என்று யாரும் சொல்லவில்லை. எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு, பூசாரியைத் தள்ளாமல் தள்ளிக்கொண்டு, தேங்காய்க் கடைப் பலகையில் மெல்லச் சாய்ந்து நின்றது. நான் கும்பிட்ட கையை இறக்கவேயில்லை. "சாமி கும்பிட காரு தானா போகுதே!" என்று கூட்டத்தில் ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தேங்காய்க்காரருக்கு மட்டும் அவ்வளவு பக்தி வரவில்லை.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடப் பயணம். கிளட்ச் இல்லை என்பது என் மூளைக்குத் தெரிந்தது, இடது காலுக்குத் தெரியவில்லை. அது தன்பாட்டுக்குக் கிளட்ச்சைத் தேடிப் போய், பக்கத்திலே அகலமாக இருக்கிற பிரேக்கை ஓங்கி மிதிக்கிறது. ரோடு காலியாக இருக்கும்போதே கார் முட்டுக்கட்டை போட்ட மாதிரி நிற்கும். சண்முகத்தாய் முன்னால் போய் டாஷ்போர்டைக் கும்பிட்டுவிட்டு வருவாள். பின்னால் வருகிற மாட்டுவண்டிக்காரர் என் பரம்பரையை விசாரிப்பார். கூரை இல்லாததால் அவர் விசாரிப்பது தெளிவாக வேறு கேட்டது. ஊர் போய்ச் சேருவதற்குள் அவளுக்குப் பழைய குமட்டலே வந்துவிட்டது. "பஸ்ஸுல ஜன்னலைத் தேடணும். இதுல அந்த ஒரு கஷ்டம் இல்ல" என்றாள் பாவம், என் மனசு நோகக் கூடாது என்று.

அப்புறம் சாரல். காலையில் மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்தும் நான்தான் காற்றோட்டம் வேண்டுமென்று கூரையை மடக்கி வைத்திருந்தேன். பாதி வழியில் தூறல் பிடித்தது. இரண்டு பேரும் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் கூரை பாதி வரை எழுந்து, கூடாரம் மாதிரி நட்டுக்கொண்டு, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் அப்படியே ஓட்டினேன். அவள் எனக்கும் சேர்த்துக் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் வரிசையாக நின்ற பிள்ளைகள், குடை பிடித்துக் காரில் வருகிற தலைமையாசிரியையைப் பார்த்து, பிரேயரை விட்டுவிட்டுக் கை தட்டின.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை மச்சான். போன வாரம் நடந்ததுதான் ஊர் சிரிக்கக் காரணம். நம் பக்கத்தில் கூரை இல்லாத கார் என்றால் அது மாப்பிள்ளை அழைப்புக்கு வருகிற கார். வேறு எதற்கும் அப்படி ஒரு கார் ரோட்டில் வந்ததை யாரும் பார்த்ததில்லை. இவ்வளவு யோசித்து வாங்கிய எனக்கு இது மட்டும் உறைக்கவில்லை. ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருக்கிறோம். தேரடிப் பக்கம் ஒரு கல்யாணக் கூட்டம், சொல்லி வைத்த கார் வராமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறது. எங்களைக் கண்டதும் நாதஸ்வரக்காரர் ஒன்றும் கேட்காமல் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஓடிவந்து, "எம்புட்டு நேரம்யா காத்துக் கெடக்கறது? நல்ல நேரம் உனக்காக நிக்குமா?" என்று என்னை ஏசினார். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பானெட்டில் மாலை விழுந்தது. கோட்டு சூட்டுப் போட்ட மாப்பிள்ளை பின்னால் ஏறிவிட்டார். அவருக்கு இரண்டு பக்கமும் பட்டுப்பாவாடைப் பிள்ளைகள் ஏறிவிட்டன. முன்னால் இருந்த சண்முகத்தாயைப் பெண் வீட்டுப் பெரியம்மா என்று நினைத்து, ஒருவர் கையில் குங்குமச் சிமிழைக் கொடுத்துவிட்டார்.

இந்தக் கார் ஊர்வலத்துக்கென்றே பிறந்தது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். காலை எடுத்தால் போதும், நாதஸ்வரத்துக்குப் பின்னால் அதே நடையில் போகிறது. தெற்கு ரத வீதி திரும்பியதும் தாய்மாமனுக்கு என்மேல் இரக்கம் வந்து, "எறங்கி ஒரு கலர் குடிய்யா" என்று கையைப் பிடித்து இழுத்தார். நான் பழைய ஞாபகத்தில் இறங்கிவிட்டேன். கார் நிற்கவில்லை. மாப்பிள்ளையோடு அது பாட்டுக்குப் போகிறது, நான் கலர் பாட்டிலோடு பின்னால் நொண்டிக்கொண்டு ஓடுகிறேன். தங்கள் தங்கைதான் குங்குமச் சிமிழை மடியில் போட்டுவிட்டு, என் இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, மண்டப வாசல் வரை கொண்டுபோய் நிறுத்தினாள். அங்கே மாலையோடு வரவேற்க நின்றது யார்? அவள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் சுந்தரம்மாள். மணப்பெண்ணின் சித்தி.

அதிலிருந்து தலைமையாசிரியை அறைக்குப் பெற்றோர்கள் வந்தால், பிள்ளையின் படிப்பைக் கேட்பதில்லை. "ஆவணியில ஒரு தேதி இருக்கு டீச்சர், காரு சும்மா நிக்குமா?" என்று கேட்கிறார்கள். நேற்று சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்: "பஸ்ஸுலயும் என்னால முடியாது, நீங்க ஓட்டுற கார்லயும் முடியாது. நாளைக்கு ஒரு முடிவு பண்ணிருதேன்." என்ன முடிவு என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. இன்று காலை என்னை எழுப்பாமலே போய்விட்டாள். ராஜினாமா எழுதிக் கொடுக்கத்தான் போயிருப்பாள். தாங்கள் சொன்னதே நடக்கப்போகிறது. நான் நினைத்தது எதுவும் நடக்கவில்லை. மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது மச்சான். காரைக் கருத்தப்பாண்டியிடமே ஒப்படைத்து, கல்யாணக் காண்ட்ராக்டர் யாருக்காவது தள்ளிவிடச் சொல்லப்போகிறேன். தாங்கள் வந்து அவளுக்கு இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுப் போனால் நல்லது. வரும்போது பஸ்ஸிலேயே வரவும்.

அங்குள்ள பெரியவர்களுக்கு என் வணக்கமும், சின்னவர்களுக்கு ஆசியும், அக்காவின் கைச் சமையலுக்கு என் தனி மரியாதையும் சொல்லவும். கடவுள் கிருபையால் எல்லாருடைய வயிறும் கால்களும் நல்லபடியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை
சோலைராஜ்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து படிக்க வேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடவும். கடிதத்தைத் தபாலில் போடப் போகும்போது, தெரு முனையில் நாங்கள் கார் நிறுத்துகிற மரக்கடை ஷெட்டை எட்டிப் பார்த்தேன். காரைக் காணோம். மரக்கடை ஐயாதுரை, "டீச்சரம்மா காலையிலயே எடுத்துட்டுப் போயிட்டாகளே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடினேன். கார் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கோடு போட்ட மாதிரி நேராக நிற்கிறது. சண்முகத்தாய் தன் நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ராஜினாமாவில் அல்ல, சம்பளப் பட்டியலில். "லைசென்ஸ் இல்லாம எப்படிட்டி வந்த?" என்று கத்தினேன். "கத்தாதீக, பிள்ளைக படிக்குது. அன்னைக்கு ஊர்வலத்துல ஸ்டியரிங்கைப் பிடிச்சப்பவே பாத்தேன், வயிறு ஒண்ணும் செய்யல. இன்னைக்கு இம்புட்டு தூரம் ஓட்டிட்டு வந்தேன், அப்பவும் ஒண்ணும் செய்யல. திருவிழா டிராக்டர் நடக்கற வேகத்துல போச்சு, அதைக் கணக்குல சேக்காதீக. எனக்கு ஒத்துக்கிடாதது பஸ்ஸும் இல்ல, காரும் இல்ல. அடுத்தவங்க ஓட்டுறதுதான்" என்றாள். அவளுக்குக் கிளட்ச் என்று ஒன்று இருப்பதே தெரியாததால் இடது கால் பாட்டுக்குச் சும்மா கிடக்கிறது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சுந்தரம்மாள் டீச்சர் இருந்ததால் சிரிப்பை மட்டும் காட்டினேன். ஆகவே கார் விற்பனைக்கு இல்லை, வேலையும் விடுவதாக இல்லை. நாளையே அவளைப் பழகுநர் லைசென்ஸுக்குக் கூட்டிப் போகிறேன். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருந்தால்தான் பழகுகிறவர் ஓட்டலாம் என்பது சட்டம். எனவே இனித் தினமும் நானும் போகவேண்டும். இன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது முதல்முறையாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தேன் மச்சான். சத்திரப்பட்டி விலக்கு தாண்டுவதற்குள் எனக்குக் குமட்டிவிட்டது. வேலையை விட்டுவிடலாம் என்றால், நான் போன வருஷமே ரிட்டயர் ஆகிவிட்டேன்.