பின்னறைக்கு ஒரு கோப்பை

கீத்லி,
மே மாதக் கடைசி சனிக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மேவிஸ் அண்ணிக்கு, மொரீன் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் வீட்டுக் கொதிகலனும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீங்களும் உங்கள் விடுதியும் ராய் அண்ணனின் முழங்காலும் நலமாயிருக்க என் ஜெபங்கள்.

கோடைக்கு பிரிட்லிங்டனுக்கு வந்து விடுதியின் படுக்கை விரிப்புகளை எல்லாம் இஸ்திரி போட்டுத் தர முடியுமா, சம்பளம் என்று இல்லாவிட்டாலும் கடற்காற்று இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். முடியாது அண்ணி. ஒரே வரியில் இப்படி எழுதி நிறுத்தினால் குடும்பத்தில் மரியாதையாக இராது என்பதால் காரணத்தையும் எழுதுகிறேன். விளக்கைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

என் வீட்டுக்காரர் கென்னத் போனபின் அவரைக் கவனித்துக்கொள்வதற்காக எனக்கு வந்துகொண்டிருந்த உதவிப்பணம் நின்றுவிட்டது உங்களுக்குத் தெரியும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்தால் வாரப்பணம் தருவார்கள் என்றார்கள், போனேன். அங்கே ஒரு பெண், முகம் பார்க்க நல்ல பெண்தான், "கடைசியா எங்க வேலை பாத்தீங்க?" என்றாள். "வீட்ல" என்றேன். "அதுக்கு முன்னாடி?" என்றாள். "அதே வீட்லதான்" என்றேன். படுக்கையில் கிடந்த மனிதரைப் புரட்டிப்போட்டதும், ஒவ்வொரு பென்னிக்கும் கணக்கு வைத்துக் குடும்பம் நடத்தியதும் வேலையில் சேராதாம். எனக்கு வேலைப் பழக்கம் இல்லை என்று முடிவு செய்து, பழக்கம் வருவதற்காக தானமாக வரும் பழந்துணியை விற்கும் ஒரு தர்மக் கடையில் நாலு வாரம் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும், கடைசி நாளில் மேலாளரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும், இல்லாவிட்டால் வாரப்பணம் நின்றுவிடும் என்றாள். அது நின்றால் வாடகை நிற்கும், வாடகை நின்றால் நான் தெருவில் நிற்பேன். அந்தக் கடையை நடத்துவது யார் என்று நினைக்கிறீர்கள், உங்கள் ஊர் மாதிரிக் கடற்கரைகளில் குழந்தைகளை முதுகில் சுமந்து அலுத்துப்போன கழுதைகளுக்குப் புல்லும் ஓய்வும் கொடுக்கும் சங்கம். கழுதை உட்கார வேண்டும் என்பதற்காக நான் சுமக்க வேண்டும். இதை யாரிடமும் முணுமுணுக்கவில்லை, ஜெபத்தில் மட்டும் சொன்னேன்.

மேலாளர் பெயர் லின். எனக்கு முன்பே அனுப்பப்பட்டவர் ட்ரெவர், பஸ் ஓட்டிக்கொண்டிருந்து வேலை போனவர். முதல் நாள் கோட்டைக் கழற்றும் முன்பே லின் சொன்னாள், "கடைசியா வந்தவங்கதான் டீ போடணும் கண்ணு. நாலு கோப்பை." நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். "நாலாவது யாருக்குங்க?" என்றேன். "பின்னறையில நார்மனுக்கு. ரெண்டு சர்க்கரை. காது ஒடைஞ்ச கழுதை படம் போட்ட கோப்பை."

பின்னறையில்தான் மூட்டைகள் வந்து விழும். பெரும்பாலும் செத்தவர்கள் துணி. நான் பைகளில் கைவிட்டுக் கைக்குட்டை, இருமல் மிட்டாய், கண்ணாடி என்று எடுத்துப் பிரிப்பேன். கம்பியில் நெருக்கித் தொங்கும் கோட்டுகளுக்கு அந்தப் பக்கம் நீராவி இஸ்திரி உஸ்ஸென்று ஓடிக்கொண்டே இருக்கும். கோப்பையை மரப்பெட்டிமேல் வைப்பேன், கொஞ்ச நேரத்தில் காலியாக இருக்கும். "இன்னிக்கும் மழைதான் போலிருக்கு" என்பேன், அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் வரும். ஒரு மனிதர் பேச விரும்பவில்லை என்றால் விட்டுவிடுவதுதானே நம் ஊர் மரியாதை, அந்த மரியாதைதான் என்னை ஏமாற்றியது. அவ்வளவு நீராவி ஓடும் அறையில் என் மூச்சு புகையாக வருமளவு குளிர் ஏன் என்று யோசித்திருக்க வேண்டும். கம்பிக்குக் கீழே கால்களும் தெரியவில்லை. நீளக் கோட்டுகள் மறைக்கின்றன என்று இருந்துவிட்டேன். ட்ரெவரிடம் கேட்டால், "அவரு லீவே எடுக்க மாட்டாரும்மா. இந்த ஊர்லயே உருப்படியா உழைக்கிற ஆள் அவரு ஒருத்தர்தான்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். லின் என்னிடம், "உங்க வீட்டுக்காரர் சட்டையெல்லாம் சும்மாதானே கெடக்கு, கொண்டாங்களேன், நார்மன் பளபளன்னு ஆக்கிடுவாரு" என்றாள். கென்னத்தின் ஏழு சட்டைகளும் என் அலமாரியை விட்டு நகராது என்று சொல்லிவிட்டேன். எட்டாவதான நீலக் கோடு போட்டதை அவருக்கே உடுத்திக் கல்லறைக்கு அனுப்பினோம், நீங்கள்தான் பொத்தான் போட்டுவிட்டீர்கள்.

நாலாவது வாரம் ஒரு பெண்மணி மூட்டையோடு வந்தாள். மேலே ஒரு பழுப்புக் கோட்டு. "எங்க வீட்டுக்காரரோடது. நல்ல கோட்டு, வித்துப்புடுங்க. பிப்ரவரியில இங்கதான் வந்துட்டிருந்தாரு. நார்மன்னு பேரு" என்றாள். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. "அட, நம்ம நார்மனா. பின்னாலதான் இருக்காரு, கூப்பிடட்டுமா?" என்றேன்.

பின்னறையில் உஸ்ஸென்ற சத்தம் நின்றது. ட்ரெவர் கையிலிருந்த விலைச்சீட்டைக் கீழே வைத்தார். லின் குனிந்து, விழாத ஒன்றைத் தேடத் தொடங்கினாள்.

"அவரைப் பொதைச்சு மூணு மாசமாச்சு" என்றாள் அந்த அம்மாள். பாலின் என்று பெயர். அலறவில்லை, அழவில்லை. பின்னறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றவள், "டீ குடிக்கறாரா?" என்று கேட்டாள்.

"குடிக்கறாருங்க. ரெண்டு சர்க்கரை போட்டு."

"வீட்ல ஒண்ணு போதும்னு சொல்வாரு" என்று சொல்லி, விற்பனைக்கு வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவரும் எங்களைப் போல அனுப்பப்பட்டவர்தான் அண்ணி. வெள்ளிக்கிழமை கையெழுத்து வாங்க வேண்டியவர் வியாழக்கிழமை பஸ் நிறுத்தத்தில் சாய்ந்துவிட்டார். "கையெழுத்து இல்லாம வந்தா ரெண்டு பேர் பணமும் நின்னுடும் பாலின்னு அதையேதான் சொல்லிட்டிருந்தாரு. போய்ச் சேந்த மனுஷனுக்கு, ஏன் வேலைக்கு வரலைன்னு கடுதாசி வந்துச்சு" என்றாள். உள்ளே வந்து பாருங்கள் என்றேன். "வேணாம். வேலை நேரம். நான் வந்து நின்னா அவருக்கு வெக்கமாயிடும். வீட்டுக்குப் போகச் சொல்லுங்க, அது போதும்" என்று எழுந்து போனாள்.

நான் லின்னிடம் நேராகவே கேட்டேன். "தெரியாதுன்னா நெனச்சீங்க? மொதல்ல நானும் பயந்தேன். அப்புறம் காலரைப் பாத்தேன், கத்தி மாதிரி நிக்குது. சம்பளத்துக்கு ஆள் கேட்டா மேலிடத்துல தர மாட்டாங்க கண்ணு. கையெழுத்துப் போட்டு இவரை அனுப்பிட்டா நான் யாரை வெச்சுக் கடை நடத்தறது?" என்றாள். செத்தவரிடம் கூலியில்லாமல் வேலை வாங்குவது பாவமில்லையா என்றேன். "உயிரோட இருக்கறவங்ககிட்டயே வாங்கறோமே" என்றாள். ட்ரெவர், "அது நியாயம்தான்" என்றார். "இதுக்கு மேல பேசுனீங்கன்னா உங்க தாள்ல ஒத்துழைக்கலைன்னு எழுதிடுவேன்" என்றும் சொன்னாள். அந்தத் தாள் இல்லாவிட்டால் வாடகை இல்லை. ஆனாலும் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடும் என்று வேதம் சொல்வது உங்களுக்கும் தெரியும்.

மறுநாள் நான் டீ போடவில்லை.

கடைசியாக வந்தவர்தான் போட வேண்டும் என்பது லின்னே வைத்த சட்டம், அதை அவளே மீறினால் என்ன ஆவது. "நான் போட முடியாது, நான் பழசு" என்று ட்ரெவர் கையைக் கட்டிக்கொண்டார். பத்து மணி டீ போயிற்று, பதினோரு மணி டீ போயிற்று. மத்தியானத்துக்கு மேல் லின் ஒரு வாடிக்கையாளரிடம் வள்ளென்று விழுந்தாள். அப்போது பின்னறையில் துணி மாட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். காற்றில்லை, ஜன்னலும் இல்லாத அறை. கம்பியில் தொங்கிய கோட்டுகள் அத்தனையும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. ஒவ்வொன்றின் வலது கையும் முன்னால் நீண்டு நின்றது, கோப்பையை வாங்கிக்கொள்வதைப் போல.

லின் பேனாவைத் தேடினாள். நார்மனுடைய தாளை மேசை அடியிலிருந்து எடுத்துக் கையெழுத்திட்டாள், அதே கையோடு என்னுடையதிலும் இட்டாள். நான் நாலு கோப்பை டீ போட்டேன். தாளைக் கழுதைக் கோப்பைக்கு அடியில் வைத்து, "நார்மன் ஐயா, கையெழுத்து ஆயிடுச்சு. பாலின் அம்மா வீட்டுக்கு வரச் சொன்னாங்க" என்றேன். இஸ்திரி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது. தெருக்கதவின் மணி தானாக அடித்தது. திரும்பிப் பார்த்தால் பழுப்புக் கோட்டு இல்லை. கோப்பை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

ஆகவே அண்ணி, கூலியில்லாத உழைப்பு ஒருவரைச் செத்தும் விடாது என்பதைக் கண்ணால் கண்டவள் நான். சொந்தமே ஆனாலும், கடற்காற்றே ஆனாலும், அப்படி ஒரு வேலையை நானும் செய்ய மாட்டேன், இன்னொருவரைச் செய்யவும் விட மாட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் அறைகள் நிறையவும், அண்ணன் படியேறவும் கர்த்தர் கிருபை செய்வாராக. சபையில் எல்லோரும் உங்களை விசாரித்தார்கள்.

என்றும் உங்கள் அன்புள்ள நாத்தனார்,
மொரீன்.

பி.கு: உறையை ஒட்டியபின் மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். காலையில் அலமாரியைத் திறந்தால் கென்னத்தின் சட்டைகள் இஸ்திரி போட்டுத் தொங்குகின்றன, காலர் கத்தி மாதிரி. பாலின் வீட்டில் சர்க்கரை ஒன்றுதான், இரண்டு போட்டுக் கொடுத்தவள் நான் என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. வேலை முடிந்துவிட்டது நார்மன் ஐயா, உட்காருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். மாட்டிகள் இடித்துக்கொள்கின்றன, சும்மா இருக்கத் தெரியவில்லை பாவம். சட்டைகளை எண்ணினேன். என் கணக்கில் ஏழு, தொங்குவது எட்டு. நீலக் கோடு போட்டதும் இருக்கிறது, கீழ்ப்பொத்தானில் இன்னும் மண். அதன் காலர் மட்டும் கருகியிருக்கிறது. நார்மன் ஒருநாளும் கருக்கியதில்லை. கென்னத்தோ உயிரோடு இருந்தவரை இஸ்திரிப்பெட்டியைத் தொட்டதில்லை. மூன்று கோப்பை டீ போட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை ராய் அண்ணனிடம் விரிப்புகளைக் கொடுத்தனுப்புங்கள். நல்லதாக வேண்டாம், பழையதாகப் பார்த்து அனுப்புங்கள். ஒருவர் இப்போதுதான் வேலை பழகுகிறார்.