சோபா நீதிமானும் ஒற்றைக்கண் கொல்லனும்

சோபா நீதிமான் என்று ஒரு இனம் உண்டு. தேடிக்கொண்டு காட்டுக்கெல்லாம் போக வேண்டாம். மாலை ஏழு மணிக்கு வீடுகள் நெருங்கிய எந்தத் தெருவிலும் நடந்து பாருங்கள்: ஜன்னல்களில் நீல வெளிச்சம் துள்ளும், வாளோடு வாள் மோதும், குதிரை கனைக்கும், எவளோ ஒருத்தி மந்திரம் ஓதுவாள், இத்தனையையும் அமுக்கிக்கொண்டு ஒரு ஆண்குரல் கேட்கும். "தப்பு. தப்புன்னா தப்புதான். நானா இருந்தா இப்படிச் செஞ்சிருக்கவே மாட்டேன்." அவரேதான்.

அவர் வில்லைத் தொட்டவர் இல்லை. குதிரை எதிரே வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். அதனால் என்ன? வீரம் வேறு, தர்மம் வேறு. வீரத்துக்கு உடம்பு வேண்டும், பயிற்சி வேண்டும், அடிபட்டால் பொறுத்துக்கொள்ள மனசு வேண்டும். தர்மத்துக்கு ஒரு சோபாவும் ஒரு ரிமோட்டும் போதும். இளவரசி பள்ளத்தைத் தாண்டக் குதிக்கிறாளா? பாதிக் குதியில் அவளை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு, அவள் ஏன் குதித்திருக்கக் கூடாது என்று வீட்டாருக்குப் பத்து நிமிடம் விளக்குவார். பாவம், அவளும் தலைமுடி பறந்தபடி தொங்கிக்கொண்டிருப்பாள்.

நம் கையில் கிடைத்த ஆசாமி ஒரு மருந்துக் கிடங்கில் மேற்பார்வையாளர். பதினாறு வருட அனுபவம், கழுத்தில் அடையாள அட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா. கிடங்கில் அவருக்கு 'ஜட்ஜ்' என்று பெயர். "சும்மா இருங்கப்பா, நான் என்ன ஜட்ஜா" என்பார். யாராவது ஒரு நாள் அப்படிக் கூப்பிடாமல் விட்டால் முகம் வாடிவிடும்.

அவர் விழுந்து விழுந்து பார்த்த தொடரில் ஐந்து தோழர்கள். ஓர் இளவரசி, ஒரு வில்லாளி, ஒரு சூனியக்காரி, திருந்திய திருடன் ஒருவன், ஒற்றைக்கண் கொல்லன் ஒருவன். நாட்டில் பரவிய விஷக்காய்ச்சலுக்கு மலை உச்சியில் இருக்கும் சுனைநீர்தான் மருந்தாம். அதை எடுத்து வர ஐந்து பேரும் மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பத்து அடிக்கு ஒரு தர்மசங்கடம். அரக்கனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றலாமா? சாகக் கிடக்கிற ராஜாவிடம் மகன் உயிரோடு இருக்கிறான் என்று பொய் சொல்லலாமா? வில்லாளி கண் கலங்குவான், சூனியக்காரி உதட்டைக் கடிப்பாள், திருடன் வானத்தைப் பார்ப்பான். நம் ஜட்ஜ் மட்டும் கலங்கியதே இல்லை. அரக்கனோ அண்டை வீட்டானோ, வாக்கு வாக்குதான் என்பார். பொய் பொய்தான் என்பார். விளம்பர இடைவேளை முடிவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

அவருக்குச் சொந்த வாழ்க்கையில் தர்மசங்கடமே வந்ததில்லையா என்று கேட்பீர்கள். வரவில்லை. தனக்கு வருவதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'சூழ்நிலை'. பக்கத்து வீட்டு வண்டியில் உரசிவிட்டுச் சத்தமில்லாமல் வந்தது ஒரு சூழ்நிலை. மைத்துனரின் துளைபோடும் இயந்திரத்தை இரவல் வாங்கித் தொலைத்துவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டேனே என்று அடித்துச் சொன்னது இன்னொரு சூழ்நிலை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நீதி பரிபாலனத்தில், ஒரு திங்கட்கிழமை அந்தக் கட்டம் வந்தது. சுனைநீர் கிடைத்துவிட்டது. இறங்கும் வழியில் பாறை சரிந்து கொல்லனின் காலை நசுக்கிவிட்டது. பின்னால் எதிரிப்படை. தூக்கிக்கொண்டு போனால் எல்லோரும் மாட்டுவார்கள். இளவரசி அவன் நெற்றியில் கை வைத்து, "என்னை நம்பி ஒரு நகரமே காத்திருக்கு" என்று சொல்லிவிட்டு, குடுவையோடு இறங்கிப் போய்விட்டாள்.

ஜட்ஜ் ரிமோட்டைச் சோபாவில் வீசி எறிந்தார். "கூட வந்தவன விட்டுட்டுப் போறதா? இவ எல்லாம் ஒரு இளவரசியா? நகரமாம் நகரம். தோழனுக்கு அப்புறம்தான் எந்த நகரமும்."

"சாப்பிட வர்றீங்களா?" என்றாள் மனைவி. அவள் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவள்; சத்தம் போடாமல் பேசுகிற பழக்கம் அங்கிருந்து வந்தது.

சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையிலும் கோபம் ஆறவில்லை. தேநீர் வேளையில் மூன்று பேரைப் பிடித்து வைத்துக் கொட்டித் தீர்த்தும் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தைச் சுமந்துகொண்டுதான் அவர் குளிர் அறைப் பக்கம் போனார்.

குளிர் அறை என்பது கிடங்கின் உயிர்நாடி. சர்க்கரை நோயாளிகளுக்கான ஊசி மருந்துகள் அங்கேதான் இருக்கும். உள்ளே எட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மருந்து வீண். மெத்தை கனத்துக்கு ஒரு கதவு. அதன் சாவி மௌனியிடம். மௌனி என்பது இன்னொரு பட்டப்பெயர். பதினொரு வருடமாக ஜட்ஜோடு ஒரே மேசையில் தேநீர் குடிப்பவர், அதில் பதினொரு வாக்கியம் பேசியிருந்தால் அதிகம். தொடரெல்லாம் பார்க்கிற வழக்கம் இல்லை. பார்க்காத ஆளிடம் கதை சொல்லுவதில் இருக்கிற சுகம் பார்த்த ஆளிடம் கிடைக்குமா? ஜட்ஜ் கதவைத் திறந்து, தோளை முட்டுக் கொடுத்து நின்றுகொண்டார். மௌனி உள்ளே தடித்த கோட்டும் கையுறையுமாகப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கேளுங்க மௌனி, அந்தக் கொல்லன் இருக்கானே..."

"சார், கதவு."

"இதோ மூடிடறேன். அவன் இல்லன்னா மலையேறியே இருக்க முடியாது, தெரியுமா?"

"உள்ள வந்தாவது சொல்லுங்க சார்."

"உள்ள ரொம்பக் குளிருது. முக்கியமானத மட்டும் சொல்லிடறேன்."

முக்கியமானது மூன்று வருடக் கதை. நாலாவது முறை மௌனி "கதவு" என்றபோது, நட்பின் இலக்கணம் என்ன என்பதில் ஜட்ஜ் இருந்தார். மேலதிகாரியைப் பிடித்தா தள்ள முடியும்? இருபத்திரண்டு நிமிடம் ஆனது. அப்புறம் எச்சரிக்கை மணி அடித்தது. மேல் தட்டில் இருந்த நாற்பது பெட்டி மருந்து குப்பைக்குப் போனது.

வியாழக்கிழமை விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். அதட்டாத ஆள், அதனாலேயே எல்லோரும் அடையாள அட்டையைச் சரிசெய்துகொண்டார்கள். கேமரா இருந்தது, அது லாரி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெப்பநிலைக் கருவியின் தாளில் கோடு மலைபோல ஏறியிருந்தது. யாரால் ஏறியது என்று கோட்டுக்குச் சொல்லத் தெரியாது.

"சாவி உங்ககிட்டதானே இருந்தது?" என்று மேடம் மௌனியைக் கேட்டார்.

"ஆமாங்க."

"கதவ யாரு திறந்து வச்சிருந்தாங்க?"

மௌனி ஜட்ஜைத் திரும்பிப் பார்த்தார். அதில் குற்றம் சாட்டுவதெல்லாம் ஒன்றும் இல்லை. பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வழி விடுவார் என்று பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை. "சொல்ல வேண்டியவங்க சொல்வாங்க மேடம்" என்றார்.

அறையில் நாற்காலி கிறீச்சிட்டது. ஜட்ஜின் நாற்காலிதான். அவர் எழுந்துவிட்டார் என்றே ஒரு கணம் அவரே நினைத்தார். அடுத்த மாதம் தலைமை மேற்பார்வையாளர் பதவி அவருக்கு என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. நாற்பது பெட்டியை வீணடித்தவர் என்று பேர் வந்தால் அது போச்சு. வேலை போகாது. ஒரு எச்சரிக்கைக் கடிதம், ஒரு பதவி, அவ்வளவுதான் விலை. மௌனிக்கோ, பொறுப்பில் தவறினார் என்று எழுதிவிட்டால், மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் இன்னொரு கிடங்குக்கு மாற்றல். மகள் பள்ளி இறுதி வகுப்பில், மனைவிக்கு இங்கே வேலை, ஆகவே வாரத்துக்கு ஒருநாள் மட்டும் வீடு. இரண்டையும் ஜட்ஜ் தராசில் வைத்துப் பார்த்தார். அவர் தராசு பிடித்தே பழகியவர் ஆயிற்றே.

"நீங்க எதாவது சொல்லணுமா?" என்றார் மேடம்.

ஜட்ஜ் தொண்டையைச் செருமினார். "மௌனி ரொம்ப நல்ல மனுஷர் மேடம். அத மட்டும் கணக்குல எடுத்துக்கணும்னு தாழ்மையாக் கேட்டுக்கறேன்."

அத்தனை நேரம் கேட்டதிலேயே மேடத்துக்கு அது பிடித்துப்போயிற்று. தன் ஆளுக்காகப் பரிந்து பேசும் மேற்பார்வையாளர். குறித்துக்கொண்டார்.

வீட்டில் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவரை அதுவரைக்கும் பாராட்டத்தான் வேண்டும், பொய் சொல்லவில்லை. அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நாளைக்குப் போய்ச் சொல்லிடுவீங்கல்ல?"

"அவசரப்படாத. என்னை நம்பி ஒரு டிபார்ட்மெண்டே இருக்கு. நான் மேல வந்தா மௌனியத் திரும்பக் கூட்டிட்டு வந்துடலாம். இப்ப நானும் மாட்டினா ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிடும். பெருசா யோசிக்கணும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "இது அந்த இளவரசி சொன்னதுங்க" என்றாள்.

"அது கதை. இது வாழ்க்கை" என்று சொல்லிவிட்டு ஜட்ஜ் கூடத்துக்கு வந்தார். மணி ஏழு. தொடரில் அன்றைக்கு நகரமே இளவரசியை வரவேற்றது. அவர் ஒரு தீர்ப்பும் சொல்லாமல் பார்த்தார். மகள் வந்து, "என்னப்பா, டிவி பாட்டுக்கு ஓடுது, நீங்க நிறுத்தவே இல்ல?" என்று கேட்டாள். தலைவலி என்றார். பொய்யில்லை, உண்மையாகவே தலை வலித்தது, வெட்கத்தில் வலிக்கிற தலைக்கு மாத்திரை அவர் கிடங்கிலும் இல்லை.

வெள்ளிக்கிழமை மேடத்தின் அறை வாசல் வரைக்கும் போனார். உள்ளே யாரோ இருந்தார்கள். காத்திருக்கலாம்தான். காத்திருக்கவில்லை. மாலையில் மாற்றல் உத்தரவு வந்தது.

சரி, இத்தோடு கூனிக் குறுகி ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. சனிக்கிழமை பிரிவுபசாரத்தை முன்னின்று நடத்தியவரே அவர்தான். பலகையில் வண்ணத் தாள் ஒட்டினார், கேக் சொன்னார், சுவர்க்கடிகாரம் ஒன்றை அழகாகப் பொதிந்து வைத்தார், ஒலிபெருக்கியில் "ஹலோ, ஹலோ" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு பேசினார். அடடா, என்ன பேச்சு. தோழமை என்றால் என்ன, இக்கட்டில் கைவிடாதவன் யார், பதினொரு வருடத் தேநீரின் சுவை எப்படிப்பட்டது என்று பேசப் பேச அவருக்கே கண் நிறைந்தது. கண்ணீர் நிஜம். கணக்கு எழுதும் அம்மா மூக்கை உறிஞ்சினார். லாரி ஓட்டுநர்கள் இரண்டு பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். கடைசியில் மௌனியைக் கட்டிப் பிடித்தார். மௌனியும் கையை எடுத்து அவர் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார், அழுகிற பிள்ளையைத் தட்டுவதுபோல.

எல்லோரும் கேக்கை நோக்கி நகர்ந்தபின், மௌனி கடிகாரப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜட்ஜின் பக்கம் வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும்."

ஜட்ஜ் ஒலிபெருக்கியின் சுவிட்சைத் தேடி அணைத்தார். "கேளுங்க."

"அந்தக் கொல்லன் என்ன ஆனான்?"

"யாரு?"

"கால் நசுங்கினவன். அன்னைக்கு பாதியில விட்டீங்களே, மணி அடிச்சிருச்சு."

ஜட்ஜ் யோசித்தார். அதன்பிறகு வந்த பகுதிகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். "தெரியல மௌனி. அப்புறம் அவனக் காட்டவே இல்ல."

"காட்டலயா?"

"கதை இளவரசி கூடவே போயிடுச்சு."

மௌனி தலையாட்டினார். "சரி சார். பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கிளம்பினார். திங்கட்கிழமை தேநீர் மேசையில் ஒரு நாற்காலி குறைந்தது. அடுத்த மாதம் ஜட்ஜுக்குப் பதவி வந்தது. மௌனியைத் திரும்பக் கொண்டுவரும் கடிதத்தை எழுதத்தான் இருக்கிறார். நல்ல வாசகமாக அமைய வேண்டும் என்று பார்க்கிறார்.

இப்போது உங்களைக் கேட்கலாமா? இந்த மனிதரைப் பற்றிப் படிக்கப் படிக்க உங்களுக்குள் ஒரு தீர்ப்பு தயாராகிக்கொண்டே வந்திருக்குமே. விசாரணை அறையில் எழுந்து ஒரே வரியில் சொல்லியிருக்க வேண்டாமா, வெள்ளிக்கிழமை அந்த வாசலில் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் குறைந்தா போயிருப்பார், அந்தப் பேச்சை எந்த வாயால் பேசினார் என்று. நியாயம்தான், அத்தனையும் நியாயம். எவ்வளவு சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு எவ்வளவு சரியாகச் சொல்கிறீர்கள். ஒரே ஒரு சந்தேகம், அதைக் கேட்டுவிட்டு விட்டுவிடுகிறேன். நீங்கள் வாய் திறக்காததால் எழுந்து போக நேர்ந்தவர் என்று ஒருவர் உண்டா? யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தீர்கள், அதற்குள் ஒரு முகம் வந்து போனதே, அவர் பெயரைத்தான் கேட்கிறேன்.