இரண்டு காதும் கிழிந்த தாய்மாமன்

கணினியில் முதல் மனிதத் தலையைச் செய்து முடித்ததும் தன்னைப் பிரம்மா என்று நினைக்காதவன் எவனும் இல்லை. நான் ஒரு படி மேலே போய், பிரம்மாவுக்கே மூக்கு சரியாக வரவில்லை என்று குறை சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் பக்கம் பிளெக்ஸ் பேனர் பரவிய காலம். கல்லூரி முடித்த கையோடு, ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் முப்பரிமாணச் சிற்பம் படித்தேன். (படித்தேன் என்பது அய்யா நம்பியது.) திரையில் களிமண் உருண்டை போல ஒன்று இருக்கும். மவுஸால் இழுத்தால் மூக்கு வரும், அமுக்கினால் கண் குழியும். என் முதல் மாதத் தலைகள் எல்லாம் மிதிபட்ட பூசணிக்காய்கள். மண்டையே உருவாகாத நிலையில் கன்னத்தில் ரோமக்கால் செதுக்கிய மேதை நான். ஒரு பக்கம் செய்தால் மறுபக்கம் தானாக வரும் ‘சிமெட்ரி’ பொத்தானைக் கண்டுபிடித்த பிறகுதான் தலை தலையானது. அதை அணைக்கவும் முடியும் என்று மாஸ்டர் சொல்லிக்கொடுத்த அன்று நான் டீக்கடையில் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் மகள் பவித்ராவுக்குக் காதுகுத்து வந்தது. ஐந்து வயது. தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். தாய்மாமன், அதாவது அண்ணியின் அண்ணன் முருகேசன் மச்சான், நயினார்கோவில் பக்கம் நிலபுலன் உள்ளவர். முன்பு ஒரு கல்யாணப் பத்திரிகையில் பெயர் இரண்டாவதாக வந்ததற்கே ஒரு வருஷம் பேசாமல் இருந்தவர். அவர் கோபித்துக்கொண்டு போனால் விசேஷம் நின்றுவிடும், அண்ணிக்குப் பிறந்த வீடும் இல்லாமல் போகும். இத்தனையும் தெரிந்தும், “பிளெக்ஸுக்கு மச்சான் தலைய நான் செஞ்சு தாரேன்” என்றேன்.

சின்ன வயதில் மச்சானின் கடுக்கனை ஆடு கவ்வி இழுத்ததில் இடது காதின் மடல் கிழிந்துவிட்டது. அதை மறைக்கவே காது மூட முடி வளர்த்திருந்தார். எனக்கு முடி செய்ய வராது. ஆகவே திரையில் ஒட்ட வெட்டிவிட்டேன். காது வெளியே வந்தது. உள்ளதை உள்ளபடி காட்டுவதே கலை என்று (யார் கேட்டார்கள்?) மூன்று நாள் அந்தக் கிழிசலை இழைத்து இழைத்துச் செதுக்கினேன். முன்பக்கம் திருப்பிப் படம் எடுத்தபோதும் மீசையை மட்டுமே ரசித்தேன்.

கோவில் வாசலில் பன்னிரண்டு அடி உயரத்தில் நின்றார் மச்சான், இரண்டு காதும் கிழிந்து. நிஜ மச்சான் சீர்க்கிடாயோடு வேனிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்தார்.

“இன்னொரு காதை ஆடு எப்பய்யா தின்னுச்சு?” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“வண்டியத் திருப்புங்கப்பா” என்றார் மச்சான். அண்ணி அழ ஆரம்பித்தார்.

இதற்குள் மொட்டைத்தலையில் சந்தனத்தோடு இருந்த பவித்ரா, ஊசியோடு உட்கார்ந்திருந்த ஆசாரியையும் பிளெக்ஸையும் மாறி மாறிப் பார்த்தாள். “காது குத்துனா இப்பிடி ஆயிருமா?” என்று அலறிக்கொண்டு ஓடிப்போய்த் தூணைக் கட்டிக்கொண்டாள். யார் கூப்பிட்டும் வரவில்லை.

வேனில் ஏறிய மச்சான் இறங்கி வந்தார். தூணருகே குந்தி, அத்தனை சனத்துக்கு முன்னால் இரண்டு பக்க முடியையும் ஒதுக்கினார்.

“இங்கன பாரு தாயி. இந்தக் காதைத் தொட்டுப் பாரு, நல்லாத்தான இருக்கு? இதுலயும் குத்துனாக. அந்தக் காது ஆடு பண்ணுனது. அந்தப் படம் ஒஞ் சித்தப்பன் பண்ணுனது. ரெண்டுக்கும் ஒரே மூளைதேன்.”

பவித்ரா இரண்டு காதையும் தடவிப் பார்த்துவிட்டு அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் ஆயுசுக்கும் மறைத்ததை நான் பேனர் அடித்திருக்கிறேன், அதை அவரே ஒரு பிள்ளைக்காகத் திறந்து காட்டுகிறார்.

மறுவாரமே மச்சான் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டார், பிளெக்ஸில் இருந்த மாதிரியே. நான் இப்போது சென்னையில் தலை செதுக்கித்தான் பிழைக்கிறேன். எந்தத் தலையானாலும் முதலில் அந்தச் சிமெட்ரி பொத்தானைப் பார்த்துவிடுவேன். ஊருக்குப் போன் போட்டால் மச்சான் நலம் விசாரிப்பதில்லை. எடுத்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்:

“மாப்ள, எந்தக் காதுல வச்சுப் பேச?”