கண்ணாடி மயிலும் கம்ப்ரசர் அண்ணனும்

துருப்பிடித்த பொருளைப் பார்த்துவிட்டுச் சும்மா போன வரலாறு கம்ப்ரசர் அண்ணனுக்குக் கிடையாது. திருப்பூர் நல்லூரில் எங்கள் பனியன் கம்பெனிக்கு அடுத்த ஷெட் அவருடையது. அழுத்தக் காற்றோடு பொடித் துகள்களைக் குழாய் வழியே பீய்ச்சியடித்து, இரும்பில் ஏறிய துருவையும் பழைய பெயிண்டையும் உரித்தெடுக்கிற சாண்ட்பிளாஸ்டிங் தொழில். டீ குடிக்க வந்தால் கடைக்காரரின் அடுப்பு ஸ்டாண்டைத் தடவிப் பார்ப்பார். ஒரு துக்க வீட்டுக்குப் போனவர் வாசல் கேட்டைச் சுரண்டிப் பார்த்து, "காரியம் முடிஞ்சதும் குடுத்து உடுங்க, பளிச்சுனு பண்ணித் தாரேன்" என்று ஆறுதல் சொன்னதாகக் கேள்வி.

'மணல் அடிக்கிறவர்' என்று சொன்னால் மட்டும் அவருக்கு ஆகாது. மணல் தூசு நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், நான் அடிப்பது கிரிட்டு, உலோகப் பொடி என்று பாடம் எடுப்பார். அந்த நெஞ்சைக் காப்பாற்றத் தலை முழுக்க ஒரு ஹெல்மெட், அதற்குள் காற்று வர ஒரு குழாய். நிலாவிலிருந்து நேற்றுத்தான் வந்து இறங்கியவர் போல இருப்பார். நாள் முழுக்க மெஷின் பக்கத்தில் நின்று நின்று, அவர் பேச்சும் அந்தச் சத்தத்துக்கே பழகிவிட்டது. அவர் ரகசியம் சொன்னால் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தக் கம்ப்ரசர் சத்தத்தைத் தெருவே திட்டியது. எனக்கோ அதுதான் தாலாட்டு. மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்ததும் அது 'கும்'மென்று ஆரம்பிக்கும், என் கண் சொருகும். நான் அங்கே புரொடக்‌ஷன் மேனேஜர் என்பதுதான் சிக்கல். மாடியில் இருந்த என் கேபினுக்கு வெறும் கண்ணாடித் தடுப்பு. இரண்டு தரம் பிடிபட்டாயிற்று. முதலாளி மரியாதை குறையாமல் சொன்னார்: "இன்னொருக்கா தூங்கறதப் பாத்தேன்னா, ஊட்லயே இருந்து தூங்கிக்குங்க." பெண்ணை அப்போதுதான் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தேன். வேலை போனால் குடும்பம் நடுத்தெருவில்.

அண்ணனிடம் ஓடினேன். கண்ணாடி மேல் ஸ்டிக்கர் ஒட்டி அடித்தால், ஒட்டிய இடம் தப்பித்துவிடும், ஒட்டாத இடம் பால் போல வெளுத்துவிடும் என்றார். எனக்கு ஸ்டிக்கரே வேண்டாம், முழுக்க வெளுத்துவிடுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கழற்றிக்கொண்டு போய், திங்கட்கிழமை காலையில் மாட்டிவிட்டுப் போனார். போய்ப் பார்த்தால், பால் வெள்ளைக்கு நடுவே தோகையோடு பெரிய மயில் ஒன்று துல்லியமாக, தெளிவாக நிற்கிறது. கேட்டால், "மொட்டையா இருந்தா கம்பெனிக்குக் கேவலமுங்க" என்கிறார். தையல் லைனில் இருந்த திருநெல்வேலி செல்வியக்கா எட்டிப் பார்த்து முடிவைச் சொன்னார்: "சார், மயிலு வயித்துக்குள்ள உங்க மொகம் நல்லாத் தெரியுது."

சாப்பாட்டுக்குப் பிறகு வந்து கழற்றி, மயிலையும் வெளுத்துவிடுவதாக அண்ணன் ஒப்புக்கொண்டார். பெற்ற பிள்ளையை விடுதியில் சேர்க்கிற முகம். அதுவரை நான் விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குப் பார்த்து என் மனைவி அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய்யை ஊற்றிக் கொடுத்திருந்தாள். அடுத்த ஷெட்டில் கம்ப்ரசரும் ஆரம்பித்தது. அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

கூச்சல் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். மயிலைக் காணோம். மயில் இருந்த இடத்தில் அகலமான ஒரு முதுகு கையை விரித்துக்கொண்டு நின்றது. கண்ணாடியைக் கழற்ற வந்த அண்ணன், முதலாளி மாடியேறி வருவதைப் பார்த்ததும் ஹெல்மெட்டோடு பாய்ந்து மறைத்துக்கொண்டாராம். இதைச் செல்வியக்கா பிறகு சொன்னார்.

"நவுருங்ணா, மேனேஜரப் பாக்கோணும்" என்றார் முதலாளி.

"பாக்கலாமுங்க. மொதல்ல இந்தத் தொழிலப் பத்திச் சொல்லீர்றனுங்க. சாயப்பட்டறைத் தொட்டில துரு எடுக்கலாமுங்க. லாரி சேசிஸ அடிக்கலாமுங்க. பைக் வீலுக்குப் பெயிண்டு உரிக்கலாமுங்க. கல்லுல பேரு பொறிக்கலாமுங்க. அடிச்சு முடிச்ச இரும்பு சொரசொரன்னு இருக்குமுங்க, அப்பத்தான் புதுப் பெயிண்டு கெட்டியாப் புடிக்குமுங்க."

ஒவ்வொரு 'லாமுங்க'வுக்கும் குரல் ஒரு படி ஏறியது. நான் முகத்தைத் துடைத்து, சட்டையைச் சரிசெய்து, கையில் ஒரு பனியன் சாம்பிளோடு கதவைத் திறந்தபோது, கடலே இல்லாத திருப்பூரில் கப்பலின் அடிவயிற்றைச் சுத்தம் செய்வது பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். முதலாளிக்கு முகமெல்லாம் வியர்வை. தன் வீட்டுக் கேட்டை அடிக்கத் தருவதாக வாக்குக் கொடுத்துத்தான் தப்பிக்க முடிந்தது.

அவர் படி இறங்குவதற்குள் அண்ணன் என் காதருகே குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "இனித் தூங்கீறாதீங்க சாமி."

தையல் லைன் முழுக்க மெஷின்கள் நின்றன. முதலாளி காதைக் குடைந்துகொண்டே இறங்கிப் போனார். அந்தக் காதில் அப்போது எதுவுமே விழவில்லை, என் அதிர்ஷ்டம்.

மயிலை வெளுக்க நான் விடவில்லை. போன வருடம் தெருக்காரர்கள் சத்தம் தாங்காமல் புகார் கொடுத்து, அண்ணனின் ஷெட் தாராபுரம் பக்கம் போய்விட்டது. இப்போது நான் மத்தியானத்தில் கண் கொட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன். மேனேஜர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டுகிறார். அவருக்குத் தெரியாது. சாப்பிட்டு முடித்ததும் மயிலின் வயிற்று வழியே வெளியே பார்க்கிறேன், அந்த முதுகு அங்கே இல்லை, எனக்குத் தூக்கம் வருவதில்லை.