நலங்கு வைத்த முந்நூறு குவளைகள்

என் தங்கையின் கல்யாணத்தைக் கெடுக்க வெளியாள் யாரும் தேவைப்படவில்லை. நான் ஒருத்தியே போதுமானவளாக இருந்தேன்.

கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, ஈப்போ புந்தோங்கில் வீட்டு முன்னறையிலேயே படம் அச்சடிக்கும் தொழில் ஆரம்பித்து அப்போது மூன்று மாதம். படம் அச்சடித்த தாளைக் குவளையைச் சுற்றி ஒட்டிச் சூடேற்றும் இயந்திரத்தில் வைத்தால், மை ஆவியாகிக் குவளையின் பூச்சுக்குள் இறங்கிவிடும். சப்ளிமேஷன் என்று பெயர். யூடியூப்பில் நான்கு காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டேன். (நான்காவதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். எல்லாம் தெரிந்துவிட்டதுபோல் இருந்தது.)

கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், வருகிறவர்களுக்குக் கொடுக்கும் அன்பளிப்பை நான்தான் செய்வேன் என்று அடம்பிடித்தேன்.

"அக்கா, எனக்கு இருக்கிறது ஒரே கல்யாணம். பாத்து செய்யிலா," என்றாள்.

"நீ கவலப்படாத, நான் பாத்துக்கிறேன்."

இந்த வாக்கியத்தை இப்போதெல்லாம் நான் யாரிடமும் சொல்வதில்லை.

ஈப்போ டவுனில் வெற்றுக் குவளைகள் விற்கும் சீனக் கடை முதலாளியை எல்லாரும் தவுக்கே என்போம். புந்தோங்கில் வளர்ந்தவர். என்னைவிடச் சரளமாகத் தமிழ் பேசுவார். வெள்ளைக் குவளைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். எனக்குச் சுருக்கென்றது. நல்ல காரியத்துக்கு யாராவது வெள்ளை கொடுப்பார்களா? மேல்தட்டில் மஞ்சள் குவளைகள் இருந்தன. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைபோல அப்படி ஒரு மங்களம்.

"தவுக்கே, அது முந்நூறு குடுங்க."

"வேணாம் அக்கா. இந்த மையில வெள்ளை கெடையாது. போட்டோவில எங்க வெள்ளையோ அங்க கப்பு கலர்தான் தெரியும். எழுத்துன்னா மஞ்சள் ஓகே. போட்டோன்னா வெள்ளைதான் பாகுஸ்."

"எங்க சாங்கியம் உங்களுக்குத் தெரியாது தவுக்கே," என்றேன். பெரிய மனுஷியாகச் சிரிக்கவும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து பெயர்களை மட்டும் சிவப்பில் அடித்துப் பார்த்தேன். பிரமாதம். அடுத்து, முன்பே முடிந்திருந்த பதிவுத் திருமணத்தன்று எடுத்த படம். அதில் கவிதா நீலச் சேலையில் இருப்பாள். மாப்பிள்ளை ரவி வெள்ளைச் சட்டையில் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். முதல் குவளையை வெளியே எடுத்துப் பார்த்தேன். சேலை பச்சையாகியிருந்தது. சட்டை, முகம், கண், பல் எல்லாம் மஞ்சள்.

அப்போதே தவுக்கேயிடம் ஓடியிருக்கலாம். ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே! குவளையை அம்மாவிடம் காட்டினேன்.

"நலங்கு வெச்ச முகம் மாதிரி இல்லம்மா?"

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆமாண்டி, லட்சணமா இருக்கு."

என் கணவர் மட்டும் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பல்லுக்குமா நலங்கு வெப்பாங்க?"

"நல்ல காரியத்துல குத்தம் கண்டுபிடிக்காதீங்க," என்று அவர் வாயை அடைத்தேன். ஒரே வாரத்தில் முந்நூறும் முடித்தேன்.

அன்பளிப்பை விருந்தாளிகள் போகும்போது கொடுப்பதுதான் வழக்கம். எனக்கோ பாராட்டு உடனே வேண்டும். அதனால் மண்டப வாசலில் நின்று வருகிறவர்கள் கையிலேயே திணித்தேன். அப்படி ஒன்று ரவியின் அப்பாவிடம் போய்ச் சேர்ந்தது. அவர் ரப்பர் தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கட்டும் டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவர். (வேலைதான் ஓய்வு. வைத்தியத்தை அவர் விடவில்லை.) கண்ணாடியை மாட்டிக்கொண்டு குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நேரே மணவறைக்கு ஏறினார்.

"தம்பி, செத்த எந்திரிச்சு வா."

ரவியை ஜன்னலோரம் நிறுத்திக் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். அந்த நேரம் பார்த்து நாதஸ்வரம் நின்றது.

"ஒன்னுக்கு என்ன கலர்ல போவுது?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. "மாப்பிள்ளைக்குக் காமாலையாம்!" என்ற செய்தி பந்திக்குப் போய், "ரெண்டு பேருக்குமாம்!" என்று திரும்பி வந்தது. சுங்காயிலிருந்து வந்திருந்த அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத, கீழாநெல்லிய மோர்ல அரைச்சுக் குடுத்தா போயிரும். எங்க வீட்டுப் பின்னாடியே கெடக்கு," என்றார்.

மணவறையில் கவிதா தனியாக உட்கார்ந்திருந்தாள். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. அவள் மாப்பிள்ளையைத் தேடவில்லை, அம்மாவையும் தேடவில்லை. என்னைத்தான் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. நான் செத்தால் தேவலை என்றிருந்தது.

ஜன்னலுக்கு ஓடினேன். "மாமா, அவருக்கு ஒன்னுமில்ல. கப்புதான் மஞ்சள். என் தப்பு."

"வெள்ளக் கப்புல அடிச்சிருக்கலாமேம்மா?"

"வெள்ள... நல்ல காரியத்துக்கு ஆகாதுன்னு..."

அவர் தன் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்தார். தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். பிறகு, வெள்ளைப் பட்டில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"சரி, வாங்க. நேரம் போவுது," என்றார்.

தாலி ஏறியது. கூட்டம் கலைந்த பிறகு, நாற்காலிகளுக்கு அடியில் விட்டுப்போன குவளைகளைக் குனிந்து குனிந்து பொறுக்கினேன். நூற்றுப் பன்னிரண்டு. கவிதா அதற்குப் பிறகு ஒரு வருடம் என்னிடம் "ம்", "சரி" தவிர வேறு எதுவும் பேசவில்லை. நான் தெலுக் இந்தானில் அவள் வீட்டுக்குப் போனால், அடுப்பில் வேலை இருப்பதாக எழுந்து போய்விடுவாள். முன்னறையில் அந்த இயந்திரத்தைத் துணி போட்டு மூடிவைத்தேன்.

பிறகு அவளுக்குக் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள், பல பிஞ்சுகளுக்கு வருவதுபோல அவனுக்கும் காமாலை. இரண்டு நாள் நீல விளக்கடியில் வைத்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அன்று மதியம் கவிதாவிடமிருந்து ஒரு படம் வந்தது. துணியில் சுற்றிய மஞ்சள் முகம். கீழே ஒரு வரி:

"அக்கா, இவனையும் நீதான் அடிச்சியா?"

மூடிவைத்த இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

பையனுக்கு இப்போது இரண்டு வயது. பல் பளிச்சென்று வெள்ளை. அவனுக்கு நல்லதாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் டிரெசர் தாத்தா முதல் சுங்காய் அத்தை வரை குடும்பத்தில் எல்லாரும் அவனைக் கூப்பிடுவது "முந்நூத்தி ஒன்னு" என்றுதான்.