புத்தர் சொன்னதற்கு என்ன சாட்சி?

அசல் தேடிகள் என்று ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது. கொம்பு கிடையாது, வால் கிடையாது. உங்களையும் என்னையும் போலவே இட்லி தின்னும், செய்தித்தாள் படிக்கும், கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதும். ஆனால் அதன் எதிரில் மட்டும் யாரும் ‘இன்னார் இப்படிச் சொன்னார்’ என்று வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அன்றைய பொழுது போச்சு.

இந்த இனத்தில் முற்றிய ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் திருச்செங்கோட்டுக்கு வாருங்கள். பெயர் நவநீதகிருஷ்ணன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறார். பேரிங் டப்பாவைக் கையில் வாங்கி, முத்திரையைத் திருப்பிப் பார்த்து, ஒரு தரம் முகர்ந்தும் பார்த்து, ‘டூப்ளிகேட்’ என்று திருப்பித் தருவார். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அந்தத் திறமை பேரிங்கோடு நின்றிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். அது புத்தர் வரைக்கும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்து மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, புத்தரின் போதனைகளைத் தமிழில் வாசிக்கிறோம். பள்ளிக்கூட ஆசிரியை சுகன்யா வாசிப்பார், நாங்கள் கேட்போம், பிறகு டீயும் தேங்காய் பன்னும் வரும். நவநீதகிருஷ்ணன் சேர்ந்த நாளிலிருந்து டீயும் பன்னும் மட்டும்தான் தடங்கலில்லாமல் நடக்கின்றன. ‘புத்தர் சொன்னார்’ என்று சுகன்யா ஆரம்பித்ததுமே கை தூக்குவார்.

“ஏனுங்க டீச்சர், அவரு சொன்னத யாருங்க எழுதுனது?”

“அப்ப எழுதலீங்க. கேட்டவங்க மனப்பாடமா வெச்சிருந்தாங்க. பல தலைமுறைக்கு அப்புறம் இலங்கையில ஓலையில எழுதுனாங்கன்னு சொல்றாங்க.”

“அத்தன வருசமுங்களா! எங்கூட்டுல மூணு சாமான் வாங்கியாரச் சொன்னா, கடைக்குப் போறதுக்குள்ள எனக்கு ரெண்டு மறந்து போயிருதுங்க. அத்தன வருசம் வாய்லயே இருந்தது அப்படியேவா வரும்?”

கேள்வி தப்பா? இல்லவே இல்லை. படித்த அறிஞர்கள் கேட்கிற கேள்விதான். அவர்கள் பாலி மொழி மூலத்தையும் பழைய சீன மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணைக் கெடுத்துக்கொண்டு, ஆயுசைக் கொடுத்து விடை தேடுகிறார்கள். நம்மவர் கேள்வியைக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு டீ வருகிற வழியைப் பார்க்கிறார்.

ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தால் பின்னால் வந்தவன் நீட்டியது என்பார். ஒருமுறை மட்டும் வந்தால் நடுவில் எவனோ செருகியது என்பார். தேவர்கள் வந்தால் கட்டுக்கதை, வராவிட்டால் எவனோ வெட்டிவிட்டான். கோபத்தை விடச் சொல்லும் இடம் வந்தபோது, புத்தர் இதைச் சொல்லியிருக்கவே முடியாது என்று மேஜையைத் தட்டிக் கோபித்துக்கொண்டார். ஆறு மாதத்தில் நாங்கள் நாலாம் பக்கத்தைத் தாண்டவில்லை.

இவருக்கு ஒரே மகள், மதுமதி. போன தை மாதம் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மங்கல வாழ்த்து என்று ஒன்று உண்டு. மணமக்கள் உட்கார்ந்திருக்க, பரம்பரையாக அதைப் பாடிவரும் ஒருவர் நீளமான பாட்டை மனப்பாடமாகச் சொல்லி வாழ்த்துவார். அடிக்கு அடி மேளத்தில் ஒரு தட்டு விழும். முடிகிறவரை மணமக்கள் எழுந்திருக்கக் கூடாது, பாட்டும் நிற்கக் கூடாது. அன்றைக்குப் பாடியவர் எழுபது வயதுப் பொன்னன். அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

நவநீதகிருஷ்ணன் கையில் புத்தகமே இருந்தது. அந்த வாழ்த்தை யாரோ எப்போதோ அச்சிட்டதைத் தேடிப் பிடித்து வாங்கி வந்து, பெண்ணைப் பெற்றவர் வந்தவர்களை ‘வாங்க’ என்று கேட்க வேண்டிய நேரத்தில், வரிவரியாக விரல் வைத்து ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் பாட்டு போனதும் விரல் நின்றது.

“நிறுத்துங்க! இந்த வரி புத்தகத்துல இல்லீங்க.”

மேளம் நின்றது. மாப்பிள்ளையின் தாய்மாமன் கந்தப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“ஏனுங்க, வாழ்த்துறப்பப் பாதியில நிறுத்துனா நல்லதுங்களா? உங்களுக்குப் பிரியமில்லீன்னா சொல்லிப்போடுங்க. பையனக் கூட்டிக்கிட்டு நாங்க போயிர்றோம்.”

“அப்பா, உங்க ஆராய்ச்சிய நாளைக்கு வெச்சுக்கங்கப்பா” என்றாள் மதுமதி. அவள் கண் கலங்கிவிட்டது. நான் சின்னதிலிருந்து பார்த்த பெண்.

பொன்னன் மட்டும் அசையவில்லை. “அந்தப் புத்தகம் எங்கப்பன் பாடப் பாட எழுதிக்கிட்டதுதானுங்க சாமி. எழுதுனவரு நடுவால வெத்தல துப்ப எந்திரிச்சுப் போனாருங்களாமா. அப்ப விட்டுப்போனதுங்க இந்த வரி.”

“அதுக்கு என்னங்க சாட்சி?”

கேட்டார் ஐயா! மகள் அழுகிறாள், சம்பந்தி வீட்டார் செருப்பைத் தேடுகிறார்கள், அப்போதும் கேட்டார்!

“சாட்சிக்கு நான் எங்கீங்க சாமி போவேன்? பொண்ணப் பெத்தவரு நோய்நொடியில்லாம நூறு வருசம் இருந்து, பேரன் பேத்தி பாக்கோணும்னு சொல்ற வரிங்க இது. வேண்டாமுன்னா உட்டுப்போட்டு அடுத்ததுக்குப் போயிர்றேனுங்க.”

நவநீதகிருஷ்ணன் புத்தகத்தைப் பார்த்தார், பொன்னனைப் பார்த்தார். அதற்கு முந்தின வாரம்தான் டாக்டர் அவருக்குச் சர்க்கரை முந்நூறு என்று சொல்லியிருந்தார். புத்தகத்தை மெல்ல மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“வாய்வழியா வர்றதுக்கும் ஒரு மதிப்பு இருக்குதில்லீங்க. பாடுங்க” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த வரிய இன்னொருக்கா மொதல்ல இருந்து பாடுங்க.”

மேளம் விழுந்தது. கந்தப்பன் உட்கார்ந்தார். மதுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

மனுஷன் திருந்தியிருப்பார் என்கிறீர்களா? அடுத்த ஞாயிறே மாடியேறி வந்து, புத்தர் எந்த மொழியில் பேசினார் என்பதிலேயே தமக்குச் சந்தேகம் இருப்பதாக அறிவித்தார். நாங்கள் இன்னும் நாலாம் பக்கத்தில்தான் இருக்கிறோம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொண்டே, இந்தக் கல்யாணம் எந்த மண்டபத்தில் நடந்தது, இதைச் சொல்கிற ஆள் நேரில்தான் பார்த்தானா என்று ஒரு தரம் நினைத்தும் பார்த்திருப்பீர்கள். நினையுங்கள், நல்ல பழக்கம்தான். ஆனால் போன வாரம் ஒருவர் வந்து, ‘உங்களப் பத்தி ஊரே பெருமையாப் பேசுதுங்க’ என்றாரே, அவரிடம் யார் யார் பேசினார்கள் என்று கேட்டீர்களா?